கண் அடைத்த சுவர்

வெண்ணியின் கொடிக்காலுக்கு வந்த தண்ணீரை அடைத்தார்கள்; அதைக் கேட்கப் போனவளைப் பொய்க்காரி என்றார்கள். இரண்டில் எது பெரிய அநியாயம் என்று கதையைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

மலைச்சரிவில் மனிதர்கள் படிப்படியாக வீடு கட்டி, ஒருவர் கூரைக்கு மேல் இன்னொருவர் வாசல் வைத்து வாழ்ந்த காலம் அது. மேல்மனையில் மிளகு வணிகர் கண்டீரர் இருந்தார். கீழ்மனையில், வெற்றிலைக் கொடிக்கால் போட்டு வெண்ணி இருந்தாள்.

கண்டீரருக்கு வாசலில் ஓர் உயர்ந்த மண்டபம் வேண்டியிருந்தது. சரிவில் மண்டபம் எழுப்ப மண் கொட்டி மேடாக்க வேண்டும். கொட்டிய மண் சரியாமலிருக்கக் கீழே கல்லில் தாங்குசுவர் கட்ட வேண்டும். மேட்டுக்கு அடியில் ஓர் ஊற்று இருந்ததால், தண்ணீர் வெளியேறச் சுவரில் நீர்க்கண்கள் என்னும் துளைகள் விட வேண்டும். அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. கண்டீரருக்குத் தெரியாதா என்ன?

அங்கே ஒரு வழக்கமும் இருந்தது. சுவர் எழும்பும்போது ஒவ்வொரு நீர்க்கண்ணிலும் கீழ்மனைக்காரர் கையை விட்டுப் பார்த்து, "கண் திறந்திருக்கிறது" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் அடுத்த வரிசைக் கல். வெண்ணியும் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்துச் சொன்னாள். மண்டபம் எழுந்தது. ஊற்று நீர் கண்கள் வழியே கசிந்து அவள் வாய்க்காலில் விழுந்தது. கொடிகள் தளதளவென்று ஏறின.

பிறகு கண்டீரரின் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. ஈரம் வழிந்து பாசி பிடித்த சுவரைப் பார்த்த சம்பந்தி வீட்டார், இந்த வீடு ஏன் மூக்கொழுகிக்கொண்டு நிற்கிறது என்று கேட்டுச் சிரித்தார்களாம். அவ்வளவுதான். கண்டீரர் நீர்க்கண்களிலெல்லாம் கல்லைச் செருகி, மேலே சுண்ணாம்பு பூசி, சுவரை வெள்ளைவெளேரென்று ஆக்கிவிட்டார். அந்தக் கல்யாணத்தில் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த வெற்றிலை யாருடையது என்கிறீர்கள்? வெண்ணியுடையதுதான்.

வாய்க்கால் வற்றியது. வெண்ணி மேலே ஏறிப் போய்க் கேட்டாள். கல்யாணம் முடியட்டும், திறந்துவிடுகிறேன் என்றார்.

கல்யாணம் முடிந்து மறுபடி கேட்டாள். ஊற்றா, எந்த ஊற்று, உன் வாய்க்காலில் ஓடியது மழைத்தண்ணீர், போய் வானத்தைக் கேள் என்றார்.

மூன்றாம் முறை ஊர்மன்றத்தில் கேட்டாள். மன்றம் எங்கே கூடியது தெரியுமா? நல்ல காற்று வருகிறதென்று, அதே கண்டீரரின் மண்டபத்தில்! மன்றத்தார் அவர் கொடுத்த பானகத்தைக் குடித்தபடி கீழே எட்டிப் பார்த்தார்கள். சுவர் காய்ந்திருந்தது. ஆகவே ஊற்று இல்லை, இவள் சொல்வது பொய், இனி இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று தீர்த்துவிட்டார்கள். கண்ணை அடைத்த சுவர் காயாமல் வேறென்ன செய்யும்? அதை ஒருவரும் கேட்கவில்லை.

வெண்ணி அடிவாரத்து ஓடையிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். பாதிக் கொடிகள்தான் பிழைத்தன. பட்டுப்போனவற்றைப் பிடுங்க மனம் வராமல் அவற்றுக்கும் ஒரு கை தண்ணீர் தெளித்து வந்தாள்.

ஐப்பசி வந்தது. விடாத மழை. வெளியேற வழியில்லாத ஊற்று மண்ணுக்குள்ளேயே ஊறி ஊறி, சுவர் நடுவில் வயிறு தள்ளியது. மேலே ஒரு தூண் சாய்ந்தது. கண்டீரர் கீழே ஓடிவந்தார். மண்டபத்தில் உட்காரத் தைரியம் போன மன்றத்தாரும் பின்னாலேயே வந்தார்கள். சுவருக்கு முட்டுக்கல் கொடுக்க வேண்டும். கொடுக்க இடம் இருந்தது வெண்ணியின் மனையில்தான்.

"தங்கச்சி, கொஞ்சம் இடம் கொடும்மா" என்றார் கண்டீரர். சுவர் நேராக நின்றவரை அவள் வெறும் வெண்ணி; சுவர் சாய்ந்ததும் தங்கச்சி ஆகிவிட்டாள்.

வெண்ணி தன் மனை வாசலில் குறுக்கே நின்றாள். வழியை விட்டு விலகவில்லை.

"தருகிறேன். ஒன்று மட்டும் சொல்லுங்கள். சுவரை எது தள்ளுகிறது?"

"மழைதான், வேறென்ன?"

"மழை இந்தச் சரிவு முழுக்கப் பெய்கிறது. உங்கள் சுவர் மட்டும் ஏன் வயிறு தள்ளியிருக்கிறது?"

"வாதாட இதுவா நேரம்? விழுந்தால் முதலில் உன் கூரைமேல்தான் விழும்."

"தெரியும். உங்களைவிட எனக்குத்தான் அவசரம். முட்டு மட்டும் கொடுத்தால் அடுத்த மழையில் அந்தக் கல்லையும் சேர்த்துத் தள்ளும். ஊற்றே இல்லை என்று தீர்ப்புச் சொன்னவர்களும் இங்கேதான் நிற்கிறார்கள். சொல்லுங்கள், எது தள்ளுகிறது?"

சுவருக்குள் ஒரு கல் கரகரவென்று நகர்ந்தது. கண்டீரர் மன்றத்தாரைப் பார்த்தார். மன்றத்தார் சகதியைப் பார்த்தார்கள்.

"ஊற்றுத் தண்ணீர்" என்றார் அவர். "நான் அடைத்த தண்ணீர்."

வெண்ணி விலகிக்கொண்டு கடப்பாரையை எடுத்து நீட்டினாள். கண்டீரரே சுண்ணாம்பைக் கொத்தினார். ஒவ்வொரு கண்ணிலிருந்தும் முதலில் சேறு பீய்ச்சியது, பிறகு செந்நீர், பிறகு தெளிநீர். முட்டுக்கற்கள் ஏறின. சுவர் நின்றது. வெண்ணி முன்பு போலவே கண்களில் கையை விட்டுப் பார்த்து, "திறந்திருக்கிறது" என்றாள்.

மன்றத் தலைவர் பொதியனார் தொண்டையைச் செருமிக்கொண்டார். பொய்க்காரி என்று சொன்னதற்கு என்ன பரிகாரம் வேண்டும், கேள் என்றார்.

"இனி மன்றம் மேலே கூட வேண்டாம். இங்கே, இந்தச் சுவரின் காலடியில் கூடட்டும்."

"இந்தச் சகதியிலா? ஏனம்மா?"

வெண்ணி சொன்னாள்: "ஒரு வீட்டின் நிழலில் சுகமாக உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வீடு செய்யும் தவறு தெரியாது, நியாயம் சொல்ல வேண்டுமானால் அந்தத் தவறு வந்து விழும் இடத்தில் நின்று பார்க்க வேண்டும்."