மயில் கொடுத்த ஆட்சேபனை

இலுப்பை மரங்கள் செறிந்த ஒரு காட்டில், ஓடைக்குக் கிழக்கே நின்ற கரும்பாறையில் கலாபன் என்னும் மயில் வாழ்ந்துவந்தது. நாள்தோறும் மாலையில் அது தோகை விரித்து ஆடும். மானும் முயலும் காடையும் காட்டுப்பன்றியும் பாறையைச் சுற்றி அமர்ந்து பார்க்கும். ஆட்டம் முடிந்ததும், "இன்று நேற்றைவிட அழகு" என்று ஏதேனும் ஒன்று சொல்லும். அந்த ஒரு சொல்லுக்காகவே கலாபன் மறுநாள் மாலைவரை காத்திருக்கும்.

பாறையின் அடியில், புதர் மறைவில், அதன் மனைவி மஞ்ஞை ஐந்து முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது.

அந்தச் சித்திரையில் ஓடைக்கு மேற்கே இலுப்பை பூத்தது. வாவலி என்னும் வௌவால் அங்கே இரவுக் கூட்டம் ஒன்றைத் தொடங்கியது. சில்வண்டுகள் பாடின. மின்மினிகள் வெளிச்சம் தந்தன. வௌவால்கள் கிளைகளை உலுக்க, தேனூறிய பூக்கள் பொலபொலவென உதிர்ந்தன. வருவோர் வசதியாக உட்கார, கறையான்கள் புற்றுமண்ணால் மேடை எழுப்பவும் ஆயத்தமாயின.

கலாபனின் பாறைக்கு வருவோர் குறைந்தனர். முதலில் மான் வரவில்லை. பிறகு முயல் வரவில்லை. ஒரு மாலை காடை மட்டும் வந்தது. அதுவும் பாதி ஆட்டத்தில் கொட்டாவி விட்டது.

"கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணா. நேற்று இரவு வெகுநேரம் விழித்திருந்துவிட்டேன்" என்றது காடை. "அந்த வாவலி அக்கா கதை சொல்லிச் சிரிக்கிறாளே, அதைக் கேட்டால் எழுந்துவர மனம் வருவதில்லை."

கலாபனின் நெஞ்சு கொதித்தது. நிறமில்லை, தோகையில்லை, தலைகீழாகத் தொங்கும் ஒருத்திக்கு இத்தனை கூட்டமா என்று எண்ணி எண்ணி மறுகியது. இரை இறங்கவில்லை. ஓடையின் அக்கரையிலிருந்து சிரிப்பொலி காற்றில் வரும்போதெல்லாம், அது தன்னைப் பார்த்தே சிரிப்பதாக நினைத்துக்கொண்டது.

அந்தக் காட்டில் புதிய கூட்டத்தைத் தொடர்ந்து நடத்தவோ, புதிய கட்டடம் எழுப்பவோ மணியக்காரராகிய ஆமையின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டு வாவலி மனுக் கொடுத்திருந்தது. கலாபன் உடனே புறப்பட்டுப் போய் ஆட்சேபனை தெரிவித்தது.

"ஐயா, இரவெல்லாம் இரைச்சல். என் தூக்கம் கெடுகிறது. இளங்குருவிகளின் ஒழுக்கம் கெடுகிறது. மேடை கட்டினால் காட்டின் அழகும் கெடும்."

"மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறீர்" என்றது ஆமை. "ஒழுக்கத்தையும் அழகையும் அளக்க என்னிடம் கோல் இல்லை. இரைச்சலையாவது காதால் கேட்கலாம். மூன்று இரவுகள் உம் பாறையில் வந்து தங்குகிறேன். உண்மையாயிருந்தால் அனுமதியை மறுத்துவிடுகிறேன்."

வீடு திரும்பிய கலாபன் நடந்ததைப் பெருமையோடு கூறியது. மஞ்ஞை முட்டைகளைப் புரட்டிக்கொண்டே கேட்டது:

"உண்மையைச் சொல்லும். உமக்குக் கெட்டது தூக்கமா, கூட்டமா?"

கலாபன் பாறைமேல் ஏறிக்கொண்டது.

முதல் இரவு ஆமை வந்தது. அக்கரையிலிருந்து சில்வண்டுகளின் இசை மெல்ல மிதந்து வந்தது. ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. பொழுது விடிந்த பிறகே வெளியே நீட்டியது.

"நல்ல இடம். தாலாட்டுப் பாடினாற்போல் இருந்தது" என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

கலாபன் பதறியது. இன்னும் இரண்டு இரவுகளே மீதம். அனுமதி கிடைத்துவிட்டால் இந்தப் பாறையை இனி யார் திரும்பிப் பார்ப்பார்கள்? பகல் முழுவதும் யோசித்து, இறுதியில் பாறைக்குக் கிழக்கே ஓடும் ஆற்றுக்கு அப்பால் வாழ்ந்த ஓரி என்னும் கிழநரியிடம் சென்றது.

"மாமா, ஓர் உதவி. இரண்டு இரவுகள் உம் கூட்டத்தோடு வந்து, என் பாறைக்கு அருகே மறைந்திருந்து ஊளையிட வேண்டும்."

"அதற்கென்ன மாப்பிள்ளை, ஊளையிடுவது எங்களுக்குப் புதிதா?" என்றது ஓரி. "ஆனால் அந்தப் பக்கம் எங்களுக்குப் பழக்கமில்லை. நீரே வந்து இடத்தைக் காட்டிவிடும்."

"கூலி என்ன வேண்டும்?"

"உறவுக்குள் கூலி எதற்கு? இடத்தைக் காட்டினால் போதும்."

கலாபன் ஆற்றின் ஆழமில்லாத துறையைக் காட்டியது. புதர்களுக்கு இடையே ஒற்றையடிப் பாதையைக் காட்டியது. பொறாமை கண்ணை மறைத்திருந்தமையால், அந்தப் பாதை யாருடைய புதரை ஒட்டிச் செல்கிறது என்பதை அது நினைத்தும் பார்க்கவில்லை.

இரண்டாம் இரவு நரிகள் ஊளையிட்டன. ஆமை திடுக்கிட்டு விழித்தது.

"கேட்டீர்களா ஐயா? இதைத்தான் சொன்னேன்" என்றது கலாபன்.

"கேட்டேன். இலுப்பைத் தோப்பு மேற்கே இருக்கிறது. இந்தச் சத்தம் உம் பாறைக்குக் கிழக்கே கேட்கிறதே."

"எதிரொலி ஐயா."

"வௌவால் கூவினால் எதிரொலி நரியாக வருமோ?" என்று முனகிய ஆமை, "சரி, நாளையும் கேட்டுப் பார்ப்போம்" என்றது.

விடிந்ததும் மஞ்ஞை கணவனை அழைத்தது. "நரிவாடை வருகிறது. எனக்குப் பயமாயிருக்கிறது. இன்றிரவு கீழே வந்து என் அருகில் இரும்."

"மணியக்காரர் வரும்போது நான் கீழே இருந்தால் நன்றாயிராது. இந்த ஓர் இரவு பொறுத்துக்கொள்" என்றது கலாபன்.

மூன்றாம் இரவு ஆமையும் மயிலும் பாறைமேல் காத்திருந்தன. நிலவு உச்சிக்கு வந்தது. ஊளை எழவில்லை. கலாபன் கழுத்தை நீட்டி நீட்டிக் கிழக்கே பார்த்தது. இலை அசையும் ஒலிகூட இல்லை.

அப்போது பாறையின் அடியிலிருந்து மஞ்ஞையின் அலறல் கேட்டது.

கலாபன் கீழே பாய்ந்தது. ஐந்து நரிகளுக்கு எதிரே ஒற்றை மயில் என்ன செய்ய முடியும்? அது தன் குரலையெல்லாம் திரட்டி அகவியது. காடு உறங்கும் வேளை. ஆயினும் ஓடைக்கு அக்கரையில் ஒரு கூட்டம் விழித்திருந்தது. வாவலி ஒரே வீச்சில் பறந்து வந்து பார்த்து, திரும்பிச் சென்று குரல் கொடுத்தது. காட்டுப்பன்றி ஓடையைக் கலக்கிக்கொண்டு வந்தது. முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு பின்னால் வந்தது. வௌவால்கள் நரிகளின் முகத்தில் சிறகால் அறைந்தன.

நரிகள் ஓடின. ஓரி மட்டும் வழியில் நின்று, "எங்களை ஏன் விரட்டுகிறீர்கள்? மாப்பிள்ளை காட்டிய பாதையில்தானே வந்தோம்" என்று சொல்லிவிட்டு மறைந்தது.

அதை எல்லாரும் கேட்டனர். மஞ்ஞையும் கேட்டது. அதன் இறக்கையின் கீழ் இரண்டு முட்டைகளே எஞ்சியிருந்தன.

கலாபன் ஏதோ சொல்ல வாயெடுத்தது. மஞ்ஞை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுநாள் மாலை ஆமை விசாரணையைக் கூட்டியது. "வாவலியின் மனுவுக்கு இன்னும் யாருக்காவது ஆட்சேபனை உண்டா?" என்று கேட்டது. கலாபன் தலைகுனிந்து நின்றது. மஞ்ஞை தன் புதரிலிருந்து காடையிடம் செய்தி சொல்லி அனுப்பியிருந்தது.

"ஐயா, ஆட்சேபனை இல்லையாம். ஒரு வேண்டுகோள்தானாம்" என்றது காடை. "முட்டை பொரியும்வரை அந்தக் கூட்டம் தன் பாறை ஓரமாகவே நடக்க வேண்டுமாம். மேடையையும் அங்கேயே கட்டினால், பக்கத்தில் நால்வர் விழித்திருக்கிறார்கள் என்ற தைரியத்தில் தான் கண்ணயர முடியுமாம்."

"அக்கா கேட்டு நான் மறுப்பேனா?" என்றது வாவலி.

ஆமை அவ்வாறே அனுமதி அளித்தது. அன்று முதல் மின்மினிகள் கரும்பாறையைச் சுற்றி ஒளிர்ந்தன. காடே அங்கு திரண்டது. வாவலி கதை சொல்ல, எல்லாரும் சிரித்தனர். கலாபன் மட்டும் தோகையை மடக்கிக்கொண்டு, எஞ்சிய இரண்டு முட்டைகளுக்குக் காவலாகப் புதரின் வாசலில் விடியவிடிய நின்றது. அதைப் பார்க்க யாரும் வரவில்லை. அதுவும் யாரையும் எதிர்பார்க்கவில்லை.

நீதி: அயலார் வாசலில் கூடும் கூட்டத்தைக் கண்டு பொறாமை கொள்பவன், அதைக் கலைக்கும் முயற்சியில் தன் வாசலைப் பகைவனுக்குத் திறந்துவிடுகிறான்.