அடுப்படியில் ஒளிந்த சிந்தாமதார்

கம்பம் பள்ளத்தாக்கில், முல்லையாற்றங்கரை ஊர் ஒன்றின் கறிக்கடைப் பின்கட்டில் ஆட்டுக்குடல் கழுவிப் பிழைத்தவர் சிந்தாமதார் ராவுத்தர். தலையையும் காலையும் தீயில் வாட்டிச் சுரண்டுவதும் அவர் வேலைதான். எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் அந்த வாடை விரல்களை விட்டுப் போகாது. "கொடலு பாய் வர்றாரு, மூக்கப் பொத்திக்கங்கப்பா" என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள். அவர் அவர்களுக்கும் ஒரு சலாம் சொல்லிவிட்டு நடப்பார்.

தொழுகைக்கு அழைக்கும் பாங்கு ஒலிக்கும் முன்பே குளித்து, சட்டை மாற்றி, பள்ளிவாசலில் ஓர் ஓரமாக வந்து உட்கார்ந்துவிடுவார். காய்ச்சலிலும் வந்தார். தாயாரை அடக்கம் செய்த அன்றும் வந்தார். ஐந்து வேளையில் ஒரு வேளைகூட அவர் தொழுகை நடத்தும் இமாமின் பின்னால் நிற்காமல் இருந்ததில்லை. கேலி பேசிய வாய்களும் இந்த விஷயத்தில் அவரை விட்டுக்கொடுக்காமல் பேசும்.

ஆனால் அந்த நல்ல மனிதரின் வயிற்றுக்குள் ஒரு பயம் குடியிருந்தது. அவருக்குக் குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூரா தெரியாது. தொழுகையின் ஒவ்வொரு ரக்அத்திலும் ஓதவேண்டிய அந்த ஏழு வசனங்களைச் சின்னப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த வயதில் சிந்தாமதார் தகப்பனை இழந்து, மலைமேல் ஏலத்தோட்டத்தில் வேலைக்கு நின்றார். மீசை முளைத்த பிறகு யாரிடம் போய்க் கேட்பது? வெட்கம் வாயை அடைத்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் பிரசங்கம் செய்தவர், "அல்ஹம்து ஓதாதவருக்குத் தொழுகை இல்லை" என்று சொன்னதிலிருந்து அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. அப்படியானால் ஆயுசு முழுக்கத் தொழுதது என்ன ஆயிற்று? மறுமையில் வெறுங்கையோடு நிற்கவேண்டியதுதானா?

பிள்ளையில்லாத வீடு. மனைவி கைரூன், "ஏங்க, ஒரு நாளாவது நீங்க முன்னால நின்னு தொழ வையுங்களேன், நான் பின்னால நிக்கிறேன்" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இவர் ஒவ்வொரு தடவையும் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பிப்பார். அந்தம்மாள் அதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டார்.

மாதத்தில் மூன்று நாள், மார்க்க அழைப்புக்காக ஊர் ஊராகப் போகும் ஜமாஅத்தோடு அவரும் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவார். அந்தக் கூட்டத்தைக் கண்டு அவர் மயங்கிப்போனதில் வியப்பில்லை. காலையில் வட்டமாக உட்கார்ந்து கலந்து பேசுவார்கள். வீடு வீடாகப் போய் யார் அழைப்பது, யார் பேசுவது, யார் சமைப்பது என்று குழுத் தலைவரான அமீர் பிரித்துக் கொடுப்பார். அதன்பின் மறுபேச்சு கிடையாது. ஜவுளிக்கடை முதலாளி கக்கூஸ் கழுவுவார், கல்லூரி வாத்தியார் தண்ணீர் தூக்குவார். நால்வர் நால்வராக ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். குடல் கழுவிய கையோடு ஜவுளிக்கடைக் கையும் ஒரே சோற்றில் படும். முதல் தடவை அப்படிச் சாப்பிட்டபோது ராவுத்தர் கண் கலங்கி, மிளகாய்க் காரம் என்று சொல்லிச் சமாளித்தார்.

அங்கேயும் ஒரு கண்டம் இருந்தது. தினமும் ஒருவர் மாற்றி ஒருவர் அல்ஹம்து ஓதிக் காட்டி, பிழையைத் திருத்திக்கொள்ள வேண்டும். சமையலில் இருப்பவருக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. ஆகவே, அமீர் வாய் திறக்கும் முன்பே "சமையல நான் பாத்துக்கிறேன்" என்று சிந்தாமதார் எழுந்துவிடுவார். "சொர்க்கத்துலயும் நம்ம ராவுத்தரு கரண்டியத்தான் புடிப்பாரு" என்பார் ஆட்டோ ஓட்டும் அபுதாகிர். எல்லோரும் மெச்சுவார்கள். மெச்ச மெச்ச அவருக்கு உள்ளே குளிர் எடுக்கும். பயந்து ஒளிந்தவனைச் சேவகன் என்று புகழ்ந்தால் யாருக்குத்தான் தாங்கும்?

ஒரு புரட்டாசி மாதம் சின்னமனூர்ப் பக்கத்துப் பள்ளிவாசல் ஒன்றில் தங்கியிருந்தார்கள். அமீராக வந்தவர் ஜியாவுதீன் ஹஜ்ரத். மார்க்கச் சட்டம் படித்தவர், அதிகம் பேசாதவர். காலையில் அவர் சொன்னார்: "இன்னைக்கி சமையல் அபுதாகிர். ராவுத்தரு பாவம், எப்பவும் அடுப்புலயே வேகுறாரு. இன்னைக்கி எங்களோட உக்காரட்டும்."

அன்போடு சொன்ன வார்த்தைதான். சிந்தாமதார் வட்டத்தில் அடுப்படிப் பக்கமாகப் போய் உட்கார்ந்தார். வட்டத்தில் ஒவ்வொருவராக ஓதி முடிக்க, முறை அவரை நோக்கி நகர்ந்து வந்தது. "அடுப்ப ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துர்றேன்" என்று பாதி எழுந்தார். "அபுதாகிர் பாத்துக்குவாரு, உக்காருங்க" என்றார் ஹஜ்ரத். பக்கத்தில் இருந்தவரும் ஓதி முடித்தார். எல்லாக் கண்களும் இவர்மேல் வந்து நின்றன.

"அல்ஹம்து லில்லாஹி" என்றார். அதற்குமேல் காற்றுத்தான் வந்தது. மறுபடி தொடங்கினார். வரவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"எனக்குத் தெரியாது ஹஜ்ரத்து" என்றார் தலைகுனிந்து. "இதுக்குப் பயந்துதான் சமையலுக்கு ஓடுனேன். சேவையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் இம்புட்டு காலமும் தொழுதது தொழுகையே இல்லயா? அத மட்டும் சொல்லிருங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஹஜ்ரத் தம் இடத்தைவிட்டு எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கடமையான தொழுகைய எப்பவாச்சும் தனியாத் தொழுதிருக்கீகளா?"

"அதெப்படி முடியும்? தனியா நின்னா ஓதணும்ல."

"பிந்தி வந்து சேந்தது?"

"பிந்துனா விட்டதத் தனியா எந்திரிச்சுத் தொழணுமே. அந்தப் பயத்துலயே பாங்குக்கு முன்னால வந்துருவேன். தனியாத் தொழுற சுன்னத்துத் தொழுகையிலதான் உதட்ட அசைச்சுக்கிட்டு, தெரிஞ்ச மட்டும் அல்லாவப் புகழ்ந்துக்கிட்டு நிப்பேன்."

ஹஜ்ரத் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அதுக்கு அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கங்க, மன்னிக்கிறவன்தான். ஆனா ராவுத்தரே, இமாமு பின்னால நிக்கிறவருக்கு இமாமு ஓதுறதே ஓதல். நாம பின்பத்துற ஹனபி மத்ஹபுல சட்டமே அதுதான். உங்க கடமை ஒண்ணுகூட வீணாப் போகல. நீங்க பயந்து ஓடி வந்ததா நெனைக்கிறீக. அவன்ல உங்களக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து ஜமாஅத்துத் தொழுகையில நிப்பாட்டிருக்கான்."

சிந்தாமதார் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். கேட்டுக்கொண்டிருந்த ஜவுளிக்கடைக்காரரும் அழுதார். அந்த நேரம் பார்த்து, சோறு களியாகிப்போன செய்தியோடு அபுதாகிர் வந்து நின்றார்.

மறுநாள் கரண்டி பழைய கைக்கே திரும்பியது. ஆனால் இப்போது அடுப்படி காலியாக இல்லை. வெங்காயம் உரிக்க வந்தவர் ஒரு வசனம் சொல்லிக் கொடுத்தார், விறகு தள்ள வந்தவர் அடுத்ததைச் சொல்லிக் கொடுத்தார். வாத்தியார் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நாக்கு எங்கே தொடவேண்டும் என்று காட்டினார். ஊர் திரும்பும்போது ராவுத்தருக்குச் சூரா முழுதும் வந்துவிட்டது. ஆனாலும் தனியாக நின்றால் மறந்துபோகுமோ என்ற நடுக்கம் விடவில்லை.

ஐப்பசியில் ஆறு பெருகியது. ஒரு நாள் அந்தி நேரத்தில் பாலத்தை மறித்துவிட்டார்கள், அக்கரையில் இருந்த பள்ளிவாசலுக்குப் போக வழியில்லை. நனைந்து திரும்பி வந்த சிந்தாமதாரோடு பழைய பயமும் வீட்டுக்குள் வந்தது. கைரூன் தம் தொழுகைப் பாயை விரித்துக்கொண்டிருந்தார்.

"இங்கிட்டு, எனக்குப் பின்னால விரி" என்றார் அவர்.

அந்தித் தொழுகையான மஃரிபில் சத்தமிட்டு ஓதவேண்டும். 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் கட்டி ஓதினார். நடுவில் ஓரிடத்தில் நா தடுக்கியது. நின்று, அந்த வசனத்தை மறுபடி எடுத்து, இறுதிவரை ஓதினார்.

தொழுகையை முடிக்கும் சலாம் கொடுத்துத் திரும்பியபோது கைரூனின் கன்னம் நனைந்திருந்தது. "எனக்கும் ஓத வராதுங்க. நீங்க ஓதுனது எனக்கும் சேத்துத்தானங்க?" என்று கேட்டார்.

"ஆமா கைரூனு. ஒனக்கும் சேத்துத்தான்."

ஓதத் தெரியாத நாளிலும் தன் வாசலை விட்டு விலகாதிருந்த அடியாரை, அல்லாஹ் அன்று இமாமாக நிறுத்தினான். அவர் நின்ற வீடும் அவர் வழியும் சிறக்கட்டும்.