பதினொரு மணிக்கு மாறிய சர்வர்

திருநெல்வேலியில் இணையத்தில் பஸ் டிக்கெட் விற்கும் ஒரு நிறுவனம். அங்கே ஒப்பந்த வேலையில் இருந்தாள் இசக்கியம்மாள். அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த கிளவுட் சர்வர்களில் பழைய ரகத்தை மூடப்போவதாகவும், எல்லாரும் புது ரகத்துக்கு மாற வேண்டும் என்றும் அறிவிப்பு வந்தது.

துணைத் தலைவர் பராங்குசம் மேசையைத் தட்டினார். "வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு முதலாளியம்மா முன்னாடி மாத்திக் காட்டணும். விற்பனை ஒரு நொடி நின்னாலும் உனக்கு வேலை கிடையாது!"

"பதினொரு மணிக்கு எல்லாம் புதுசுல ஓடும் சார்," என்றாள் இசக்கியம்மாள்.

வெள்ளிக்கிழமை அறை நிறையக் கூட்டம். மணி பதினொன்றானதும் அவள் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். இரண்டே நிமிஷத்தில் பராங்குசம் போனைத் தூக்கிக்கொண்டு துள்ளி எழுந்தார்.

"நின்னுபோச்சு! எல்லாத்தையும் கெடுத்துட்டா! நேத்துச் சாயங்காலம் பழைய சர்வர்ல நானே டிக்கெட் போட்டேன், கண்ணிமைக்குறதுக்குள்ள வந்துச்சு!"

"நேத்து நீங்க போட்டது புதுசுல சார்," என்றாள் இசக்கியம்மாள். "பக்கத்துலேயே புது சர்வரை எழுப்பி, செவ்வாய்க்கிழமையே பயணிகளைக் கொஞ்சம் கொஞ்சமா அங்க திருப்பிட்டேன். இன்னைக்கு நான் எதையும் தொடலை."

விற்பனையைக் காட்டும் சுவர்த் திரையில் டிக்கெட்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. முதலாளியம்மா ரெஜினா பராங்குசத்தின் போனை வாங்கிப் பார்த்தார்.

"முதல்ல உங்க போன்ல நெட்டைப் போடுங்க பராங்குசம்."

அறையே சிரித்து அதிர்ந்தது. அன்று மாலையே இசக்கியம்மாளின் வேலை நிரந்தரமானது.