மருதாயிக்கு ஒரு கிழக்குச் சன்னல்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாலே, மேகமெல்லாம் வீட்டுக் கூரையிலே உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போன காலத்திலே, மஞ்சாடி நாட்டிலே நல்லமுத்து என்று ஒரு பித்தளைப் பாத்திர வியாபாரி இருந்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் திருடன் பயம் என்றால் அப்படியொரு பயம்! பூனை நடந்தாலும் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பான்.

அவன் பெண்டாட்டி மருதாயி. "மாமா, கிழக்குச் சுவரிலே ஒரு சன்னல் வையுங்களேன். படுத்துக்கிட்டே விடியுறதைப் பார்க்கணும்னு ஆசையா இருக்கு" என்பாள்.

"சன்னல் வச்சா திருடன் வருவான் புள்ளே" என்பான் அவன்.

பொங்கலுக்குக் கேட்டாள், ஆடிக்குக் கேட்டாள், தீபாவளிக்குக் கேட்டாள். அதே பதில்தான். கதை சொல்கிற எனக்கே கோபம் வருகிறது, அவளுக்கு வராதா?

ஒருநாள் சுண்ணாம்பு மந்திரவாதி ஒருத்தன் வந்தான். தலை வெள்ளை, தாடி வெள்ளை, கண்ணிமைகூட வெள்ளை. "உன் வீட்டுக்கு ஒரு பூச்சுப் பூசுறேன். திருடன் என்ன, எறும்புகூட நுழையாது. கூலி வேண்டாம். உள்ளே இருக்கிறவங்க எதையாவது மறந்தா, மறந்தது எனக்கு. சம்மதமா?"

"மறந்தது யாருக்கு வேணும்? எடுத்துக்கோ சாமி!" என்று தலையாட்டினான் நம்ம புத்திசாலி.

மந்திரவாதி சுண்ணாம்பு மட்டையால் ஒரு இழுப்பு இழுத்தான், வாசல் கதவு காணோம். இன்னொரு இழுப்பு, கொல்லைக் கதவு காணோம். மூன்றாவது இழுப்பு, புகைபோக்கியும் காணோம்! வீடு முழுக்க முட்டை மாதிரி ஒரே வெள்ளை. நல்லமுத்து வெளியே நிற்க, மருதாயி உள்ளே மாட்டிக்கொண்டாள்.

"மாமா, ஒரே இருட்டா இருக்கு" என்று சுவருக்குள்ளிருந்து குரல் வந்தது. "கிளி என்ன நிறம்? மறந்துபோச்சே."

எதிர் மரத்தடியிலே மந்திரவாதி பச்சை நிறத்திலே எதையோ விழுங்கி ஏப்பம் விட்டான். "ஆகா, என்ன ருசி! கடைசியிலே உன்னையும் மறப்பா பாரு. அந்த நிமிஷமே அவளும் சுவராயிடுவா."

ஐயோ, நல்லமுத்து பட்ட பாடு! கடப்பாரையால் இடித்தான். ஓட்டை விழுந்தது, விழுந்த ஓட்டை தயிர் உறைவது போல மூடிக்கொண்டது. மருதாயிக்கு ஆற்றுச் சத்தம் மறந்துபோனது. கல்தச்சர்களைக் கூட்டிவந்தான். மறுபடி மூடிக்கொண்டது. அவளுக்கு அம்மா முகம் மறந்துபோனது. ராஜாவின் யானையையே கொண்டுவந்து முட்டவிட்டான். அப்போதும் மூடிக்கொண்டது.

"உங்க பேரு... நாக்கு நுனியிலே இருக்கு, வரமாட்டேங்குதே" என்றாள் மருதாயி. நல்லமுத்து அப்படியே மண்ணிலே உட்கார்ந்துவிட்டான்.

அப்போது சுவரிலிருந்த பல்லி "ச்சு, ச்சு, ச்சு" என்றது. "ஏன்டா, வீட்டுக்காரி மஞ்சள் வைக்காம நிலைச்சட்டம் வைக்கிற வழக்கம் எந்த ஊர்லயாவது உண்டா? கடப்பாரையைத் தூக்கினே, யானையைக் கூட்டினே. எங்கே வேணும்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லையே! அவன் சுவரோடு வாயை வைத்துக் கேட்டான். "புள்ளே, சன்னல் எங்கே வேணும்?"

"சன்னல்னா என்ன?"

"வெளிச்சம் வர்ற இடம்மா. அடுப்படிக்குப் போ. கையிலே தட்டுப்படுறதையெல்லாம் மோந்து பாரு. மீன்குழம்பு கொதிச்சா வருமே, நீ குளிச்சிட்டு வந்தா வருமே, அந்த வாசம்."

உள்ளே டப்பா உருண்டது, தட்டு விழுந்தது. அப்புறம் மெதுவாக, "மஞ்சள்!" என்றாள்.

"அதான்! அதைக் குழைச்சு, நீ ஆசைப்பட்ட இடத்திலே கையை வை."

ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. வெள்ளைச் சுவரிலே, கிழக்குப் பக்கம், உள்ளிருந்து ஊறி மஞ்சளாக ஒரு விரல் தெரிந்தது. பிறகு இன்னொன்று. பிறகு முழுக்கை. நல்லமுத்து அதன்மேல் தன் கையை வைத்தான். விடிய விடிய எடுக்கவே இல்லை. விடியும் நேரத்தில் ஊர்த் தச்சர் சன்னலுக்கு வேப்பமர நிலைச்சட்டம் செய்து கொண்டுவந்தார். அதைக் கை வைத்த இடத்திலே சாத்தியதும், ஒரு அடி அடிக்காமலே, சுவர் நகர்ந்து வழிவிட்டது. மூடவே இல்லை.

மந்திரவாதிக்கு விக்கல் எடுத்தது. ஒரு விக்கலுக்குப் பச்சை வெளியே வந்தது, ஒரு விக்கலுக்கு ஆற்றுச் சத்தம், இன்னொன்றுக்கு அம்மா முகம். கடைசியிலே அவனே உதிர்ந்து ஒரு கூடைச் சுண்ணாம்பானான். ஊர்க்காரர்கள் அள்ளிப்போய் மாட்டுக்கொட்டகைக்கு அடித்தார்கள்.

புதுச் சன்னலிலே மருதாயி கண் கூச நின்றாள். கிளி பறந்தது. "பச்சை" என்றாள். ஆற்றுச் சத்தம் கேட்டது, சிரித்தாள். பிறகு எதிரே நின்றவனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நல்லமுத்து உயிரைக் கையிலே பிடித்துக்கொண்டு நின்றான்.

"மாமா" என்றாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. விடியுறதை மறைக்கிறீங்க."

அவன் அழுதுகொண்டே தள்ளி நின்றான்.