கொம்புக்குள் ஒரு தும்மல்

கோடைமாறன் என்றொரு ராஜா இருந்தார். நல்ல மனுஷர்தான்; மாமனார் விஷயத்தில் மட்டும் கிரகம் சரியில்லை.

போன தடவை மாமனார் விருந்துக்கு வந்தபோது, எல்லைக் கோபுரத்து முரசுக்காரர் ஒற்றை அடி அடித்துவிட்டார். ஒற்றை அடி என்றால் எதிரி. இரட்டை அடி என்றால் வெள்ளம். 'மாமனார்' என்பதற்கு அடியே கிடையாது. பாவம், அவர்தான் என்ன செய்வார்? கோபுரம் கோபுரமாகச் செய்தி தலைநகருக்கு வந்தது. படை பாய்ந்தது. மாமனாரைப் பல்லக்கோடு சேர்த்துக் கட்டிச் சபையில் இறக்கினார்கள்!

"இன்னொரு தடவை இப்படி நடந்தால் நான் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவேன்" என்று ராணி சொல்லிவிட்டாள்.

இப்போது மாமனார் மறுபடியும் கிளம்பிவிட்டார். ராஜா அவசரமாகச் சபையைக் கூட்டினார்.

அமைச்சர் மருதாண்டார் எழுந்தார். "அரசே, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அடி வரிசை வகுத்திருக்கிறேன். இனி முரசில் எதையும் சொல்லலாம்!"

அவருடைய ஆள் எல்லைக்குப் போய், சோதனைக்காக 'வணக்கம்' என்று அடித்தான். வழியிலிருந்த கோபுரங்களுக்குப் பழைய கணக்குதானே தெரியும்? எதிரி, வெள்ளம், மறுபடியும் எதிரி என்று எடுத்துக்கொண்டார்கள். ஜனங்கள் ஆடுகளோடு கூரைமேல் ஏறி, கையில் ஈட்டியோடு உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு வணக்கத்துக்கு இவ்வளவு அமர்க்களம்!

"பழைய ஆட்களை மாற்றிவிடலாம்" என்றார் அமைச்சர்.

"மாமனார் பாதி வழி வந்துவிட்டாரய்யா!" என்று அலறிய ராஜா, சபையிலேயே கெட்டிக்காரனான நக்கன் பக்கம் திரும்பினார். "நக்கரே, புதுச் செய்தி வந்து சேர வேண்டும். பழைய ஆள் எவரும் மிரளக் கூடாது. அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க நேரமும் இல்லை. வழி சொல்லும்!"

"முரசடிக்கும் முன் கொம்பு ஊதுவார்களே, எல்லையிலிருக்கும் அமைச்சரின் ஆளை அதற்குள் ஒரு தும்மல் போடச் சொல்லுங்கள், அரசே."

சபை கொல்லென்று சிரித்தது. நக்கன் அசரவில்லை.

"கொம்பில் தும்மல் கேட்டால் முரசுக்காரர்களுக்கு அபசகுனம். அந்தச் செய்தியை நம்பி ஒருவரும் அசைய மாட்டார்கள். ஆனால் கேட்டதைக் கேட்டபடி அடுத்த கோபுரத்துக்கு அனுப்புவதாகச் சத்தியம் செய்தவர்கள். தும்மலையும் சேர்த்தே அனுப்புவார்கள்! இங்கே தும்மல் கேட்டால் அமைச்சரின் கணக்கு. கேட்காவிட்டால் பழைய கணக்கு."

மறுநாள் மலைக்கு மலை 'அச்சூ!' என்று எதிரொலித்தது. ஓர் ஆடுகூடக் கூரை ஏறவில்லை. அரண்மனையில் அமைச்சரின் இன்னோர் ஆள் அடிகளை எண்ணி வாசித்தான்: "மாமனார் வருகிறார். பசியோடு வருகிறார்."

பல்லக்கு வந்து இறங்கியது. "மாப்பிள்ளை, வழியெல்லாம் ஏன் தும்முகிறார்கள்?" என்று முறைத்தார் மாமனார்.

நக்கன் முந்திக்கொண்டான். "தங்களுக்காக மிளகுக்கோழி வறுபடுகிறது, ஐயா. நெடி எல்லைவரை எட்டிவிட்டது."

மாமனார் முகம் மலர்ந்து நேரே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார். ராணியும் சிரித்தபடி பின்னால் போனாள். ராஜாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"நக்கரே, அவர் திரும்பிப் போகும்போதும் தும்மச் சொல்ல வேண்டுமா?"

"எதற்கு அரசே? அதற்குப் பழைய கணக்கிலேயே அடி இருக்கிறதே. 'ஆபத்து நீங்கியது!'"

ராணி காதில் விழாதபடி அங்கவஸ்திரத்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த ராஜா, மறு கையால் முத்துமாலையைக் கழற்றி நக்கன் கழுத்தில் போட்டார்.