பெட்டிக்குள் கிடந்த தீர்ப்பு

"ஐயா, ஜெயிக்கிற ஆட்டத்தையெல்லாம் என் புரோகிராம் கோட்டை விடுது," என்றான் தனக்கோடி.

கம்ப்யூட்டருக்குச் சதுரங்கம் சொல்லிக் கொடுப்பதில் நாகலிங்கத்தை விட்டால் ஆளில்லை. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருந்தும் நாலு வருஷமாய்த் தனக்கோடி அவர் காலடியில் கிடந்தான். எதற்கு? அவர் எழுதிய மூல நிரலை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும், அதற்குத்தான். பின்னால் வந்தவனுக்கெல்லாம் காட்டினார். இவனுக்கு மட்டும் இல்லை. கேட்க வாய் வரைக்கும் வரும், மென்று விழுங்கிவிடுவான். வயிற்றெரிச்சல் மட்டும் போகாது.

"எப்படிக் கோட்டை விடுது?"

"நல்ல நகர்த்தலை யோசிக்கவே மாட்டேங்குது. தோல்வின்னு ஒதுக்கிடுது."

"ஏற்கெனவே யோசிச்சதை எங்கே வைக்கிறே?"

"மெமரியில பெட்டி பெட்டியாப் பிரிச்சு வெச்சிருக்கேன் ஐயா. பலகையில காய்கள் நிற்கிற ஒவ்வொரு நிலைக்கும் ஒரு நீள எண். அதோட கடைசி இலக்கங்கள்தான் பெட்டி நம்பர். யோசிச்ச தீர்ப்பை அதுல போட்டுடறேன். அதே நிலை வேற வழியா வந்தா திரும்ப யோசிக்க வேண்டாம். பெட்டியைத் திற, தீர்ப்பை எடு, அந்த யோசனைக் கிளையை அங்கேயே வெட்டு."

"பெட்டி எத்தனை, நிலை எத்தனை?"

"பெட்டி கொஞ்சம். நிலைக்குக் கணக்கே இல்லை."

"அப்போ ரெண்டு நிலை ஒரே பெட்டிக்கு வருமா, வராதா?"

"வரும்."

"உள்ளே கிடக்கிறது யாரோட தீர்ப்புன்னு கேட்டியா?"

தனக்கோடி தலையைச் சொறிந்தான். "ஒவ்வொண்ணையும் கேட்டுக்கிட்டு நின்னா மெதுவாயிடும்னு..."

"அடப் பாவி! எவனோ தோத்ததை இவன் தலையில கட்டிட்டியே! தீர்ப்போட அந்த நீள எண்ணையும் முழுசா சேர்த்து வை. ஒத்துப்போனா நம்பு. இல்லேன்னா புதுசா யோசி."

அங்கேயே உட்கார்ந்து திருத்தினான். இத்தனை நாள் ஒதுக்கிய நகர்த்தலைப் புரோகிராம் எடுத்தது. யானையைப் பலி கொடுத்து ராஜாவை மடக்கியது.

நாகலிங்கம் அவன் முதுகில் தட்டினார். நாலு வருஷத்தில் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஐயா, உங்க மூல நிரலை எனக்கும் காட்டுவீங்களா?"

அவர் முகம் சுருங்கிப் போயிற்று.

"பரஞ்சோதின்னு ஒருத்தன் இருந்தான். உன் ஊர்க்காரன். உன்னை மாதிரியே கெட்டிக்காரன், உன்னை மாதிரியே பணிவு. இதே மாதிரிதான் கேட்டான். கொடுத்தேன். தன் பேரைப் போட்டுக்கிட்டுப் போட்டியில ஜெயிச்சுட்டான்."

"அவரை நான் பார்த்ததுகூட இல்லையே ஐயா."

"நான் பார்த்திருக்கேன். அது போதும்."

 அழுதுவிடக் கூடாது என்று தனக்கோடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயித்த பலகை இன்னும் அதில் நின்றது.

"பெட்டியைத் திறந்தீங்களே ஐயா," என்றான். "உள்ளே கிடந்தது யாரோட தீர்ப்பு?"

 நாகலிங்கத்துக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது முகத்திலேயே தெரிந்தது. அதுதான் கொடுமை.

"ஒவ்வொருத்தனையும் கேட்டுக்கிட்டு நின்னா மெதுவாயிடும்ப்பா," என்றார்.