நத்தையிடம் விசாரணை

ஊற்றடி மடத்தில் எந்த உயிரையும் கொல்லக் கூடாது. கொசுவைக்கூட ஊதித்தான் அனுப்ப வேண்டும். அந்தச் சட்டத்தை மாற்றச் சொல்லி, ஆபத்சகாயம் ஒரு காலை வாளி நிறைய நத்தைகளோடு வந்து நின்றார்.

ஆபத்சகாயம் சீடர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அறுபதைத் தாண்டியவர். குரு அலர்மேல் அம்மாவுக்கு அவருடைய மூத்த மகளின் வயதுகூட இல்லை. அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை சார் என்பார். இதில் இருவருக்கும் சங்கடம் இல்லை. பார்க்க வருகிறவர்களுக்குத்தான்.

"அனுமதி வேணும்மா."

"எதுக்கு சார்?"

"இதுகளைக் கொல்ல. டாக்டர் பிலோமினா மருந்துப் பொட்டலம் கொடுத்திருக்காங்க. குளத்துல தூவினா ஒண்ணு மிஞ்சாது."

"இதுங்க என்ன பண்ணிச்சு?"

என்ன பண்ணியது என்று ஊருக்கே தெரியும். மடத்திலும் பக்கத்துத் தெருவிலும் பலருக்கு ஒண்ணுக்குப் போனால் ரத்தம் வந்தது. முதலில் எல்லோரும் சூடு என்றார்கள். நம்மிடம் எது வந்தாலும் சூடுதான். வெந்தயம் விழுங்கினார்கள், இளநீர் குடித்தார்கள், எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளத்தில் போய் ஊறினார்கள். ஊற ஊற ரத்தம் கூடியது. ரத்தம் கூடக் கூட இன்னும் ஊறினார்கள்.

பிறகு டாக்டர் பிலோமினா வந்து, இது சூடில்லை, புழு என்றார். அது நத்தைக்குள் வளர்ந்து தண்ணீரில் இறங்குகிறது. தண்ணீரில் நிற்பவரின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. அங்கே குடித்தனம் நடத்தி முட்டையிடுகிறது. முட்டை சிறுநீரில் வெளியே வருகிறது. அது குளத்தில் விழுந்தால் பொரித்து, மறுபடி ஒரு நத்தையைத் தேடிப் போகிறது. அவ்வளவுதான் கதை. எல்லோருக்கும் மாத்திரை வந்தது. மடத்திலும் தெருவிலும் கக்கூஸ் கட்டியாயிற்று. குளத்தில் குளிக்காதீர்கள், கிணற்றடிக்குப் போங்கள் என்றார். ஊர் அதை அடுத்த மழை வரைக்கும் கேட்டது. குளம் நிரம்பியதும் மறந்துவிட்டது.

ரத்தம் திரும்பி வந்தது. இந்தத் தடவை முதலில் வந்தது மடத்துச் சமையல்காரி காத்தாயியின் மகள் செவ்வந்திக்கு. பத்தாவது படிக்கிற பெண், குளத்தில் துணி துவைக்கப் போனவள். ஆணுக்கு வந்தால் சூடு, பெண்ணுக்கு வந்தால் நடத்தை என்பது தெருவின் வைத்திய சாஸ்திரம். எங்கே போனாளோ, யாரோடு போனாளோ என்று பேசினார்கள். டாக்டர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. காத்தாயி மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டு, தூரத்து உறவில் மாப்பிள்ளை தேட ஆரம்பித்திருந்தாள்.

"அந்தப் பொண்ணுக்காகத்தான் கேக்கறேன்" என்றார் ஆபத்சகாயம்.

அம்மா வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"சார், பரீட்சையில காப்பியடிச்சவனைப் பிடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"யாரைப் பார்த்து அடிச்சேன்னு கேப்பேன்."

"இதுங்களைக் கேட்டீங்களா?"

"நத்தை பேசாதும்மா."

"உங்க பசங்க மட்டும் கேட்ட உடனே பேசினாங்களாக்கும்."

அம்மா வாளியில் மிதந்த தாமரை இலை ஒன்றைத் திருப்பினார். அடியில் ஜவ்வரிசிக் கஞ்சி ஒட்டியதுபோல் நத்தை முட்டைகள்.

"இதைக் கிணத்துத் தண்ணியில வளருங்க. வளர்ந்ததும் டாக்டரம்மா பார்த்து, உள்ளே புழு இருக்குன்னு சொன்னா அந்தப் பொட்டலத்தை நானே தூவறேன்."

ஆபத்சகாயம் ஓர் ஊறுகாய் பாட்டிலைக் கழுவி, முட்டைகளை அதில் விட்டு, சமையலறை ஜன்னலில் வைத்தார். குஞ்சு பொரித்தது. கீரையை வேகவைத்து, ஆறவைத்து, கிள்ளிக் கிள்ளிப் போட்டார்.

காத்தாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என் பொண்ணு வீட்டுக்குள்ள முடங்கிக் கிடக்கா. சார் நத்தைக்குக் கீரை ஆயறார். பேரும் வச்சாச்சா?"

"அதெல்லாம் வைக்கலை" என்றார். வைத்திருந்தார்.

நத்தைகள் வளர்ந்ததும் பாட்டிலையும், குளத்தில் பிடித்த சில நத்தைகளையும் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனார். டாக்டர் அவற்றைக் கண்ணாடிக் குவளையில் விட்டு விளக்கடியில் வைத்தார். வெளிச்சம் பட்டால் உள்ளே இருக்கிற புழு வெளியே வரும் என்றார். வெகுநேரம் ஆயிற்று. எதுவும் வரவில்லை. குளத்து நத்தைகளை இன்னொரு குவளையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, "பாருங்க" என்றார். வால் பிளந்த நூல் துண்டுகள் அதில் துள்ளிக்கொண்டிருந்தன.

"பிறக்கும்போது நத்தைக்கு இது கிடையாது சார். யாரோ கொடுத்தது. இன்னும் கொடுத்துட்டே இருக்காங்க."

ஆபத்சகாயத்துக்குத் தலைமையாசிரியர் கோபம் வந்தது. கக்கூஸ் கட்டிக் கொடுத்தும் குளத்துக்கு வருகிறவன் எவன்? மடத்துக்குத் திரும்பியதும் ஒரு பிரம்பைத் தேடி எடுத்தார். அன்றிலிருந்து கரையில் காவல். மாடு மேய்ப்பவர்களை விரட்டினார். கரையோரம் சும்மா உட்கார்ந்து பீடி குடித்தவரை எழுப்பி, எதற்கு உட்கார்ந்தாய் என்று கேட்டார். வந்தவர் போனவர் எல்லோரும் அவரைத் திட்டினார்கள். ஒருவரும் சிக்கவில்லை.

சோர்ந்துபோய் அம்மாவிடம் வந்தார்.

"நாலு கரையும் பார்த்துட்டேன்மா. ஒருத்தரும் இல்லை."

"காவல் எப்ப ஆரம்பிப்பீங்க?"

"காலையில ஜபம் முடிஞ்ச கையோட."

"ஜபம் எங்கே?"

"எப்பவும் போலத்தான். குளத்துல, கழுத்தளவு தண்ணியில."

"டாக்டரம்மா இறங்கக் கூடாதுன்னாங்களே."

"குளிக்கக் கூடாதுன்னாங்க. நான் எங்கே குளிச்சேன்? நிக்கறேன், அவ்வளவுதான்."

"குளிருமே."

"மார்கழி இல்லையா. பல்லு தந்தியடிக்கும். ஆனாலும் நூத்தியெட்டு முடியாம கரையேற மாட்டேன்."

"உங்களுக்கு ரத்தம் வருதா சார்?"

"எனக்கா? எப்பவும் கொஞ்சம் உண்டு. அது ஜபச் சூடும்மா."

"மாத்திரை?"

"நான்தானே எல்லாரையும் வரிசையில நிக்க வச்சுக் கொடுத்தேன்."

"நீங்க?"

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் வெறும் சூடாச்சே."

அம்மா, சாப்பிட்டீர்களா என்று கேட்கிற குரலில் கேட்டார்.

"மார்கழிக் குளிருல அவ்வளவு நேரம் தண்ணியில நின்னா, ஒண்ணுக்கு வராதா சார்?"

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.

"கரையேறினா ஜபம் பாதியில விட்டுப்போகுமேன்னு…"

"ம்."

"எவ்வளவு பெரிய குளம்மா அது."

"ம்."

"அங்கே நின்னு நான் கேட்டதெல்லாம் ஊர்ல எல்லாரும் நல்லா இருக்கணும்னுதான்."

"கேட்டது மேலே போயிருக்கும் சார். கொடுத்தது கீழே போயிருக்கு."

காத்தாயி ஒரு தட்டு இட்லியோடு வந்து, தட்டை ணங்கென்று அவர் முன்னால் வைத்தாள். பக்கத்தில் மாத்திரைப் பட்டை.

"சாப்பிட்டுட்டுத்தான் போடணுமாம். ஊருக்கெல்லாம் நீங்கதானே சொன்னீங்க."

அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். மாத்திரைகளை விழுங்கினார். காத்தாயி கையைக் கட்டிக்கொண்டு, கடைசி மாத்திரை தொண்டையில் இறங்கும் வரை நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

"நாளையிலேருந்து கிணத்தடியில நின்னு ஜபம் பண்றேன்மா" என்றார்.

"பண்ணுங்க. இப்ப தெருவுக்குப் போயிட்டு வாங்க. செவ்வந்திக்கு வந்தது என்ன, எப்படி வந்ததுன்னு எல்லாரையும் கூட்டிவச்சுச் சொல்லுங்க. டாக்டரம்மா சொன்னா வெளியூர்க்காரின்னு விட்டுடறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. பாதிப் பேர் உங்ககிட்ட அடி வாங்கினவங்க."

அவருக்கு மெல்ல உயிர் வந்தது. பாடம் நடத்தச் சொன்னால் அவருக்கு எப்போதும் உயிர் வரும்.

"சொல்றேன். புழு எப்படி நத்தைக்குள்ள போகுது, எப்படி நம்ம தோலுக்குள்ள வருது, எல்லாம் சொல்றேன். ஆம்பளை பொம்பளை பார்த்து வர்ற வியாதி இல்லைன்னு சொல்றேன். மாத்திரை, கக்கூஸ், கிணத்துத் தண்ணி, ஒண்ணு விடாம சொல்றேன். சாக்பீஸ் கிடைச்சா கோயில் சுவத்துல படமே போட்டுடுவேன்."

"ரொம்ப நல்லது."

எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். வாசல் வரை போனவர் அங்கேயே நின்றார். பிறகு திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, அந்தத் தண்ணியிலேயே போனேனே, அந்த ஒண்ணை மட்டும் விட்டுடலாமா?"

"தாராளமா விடலாம் சார். விட்டா, குத்தம் சொல்ல மிச்சம் இருக்கறது நத்தையும் அந்தப் பொண்ணும்தான்."